கதவுக்கு மேல் பச்சை அட்டை

என் தங்கையின் கால்களைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வண்டுகளிலிருந்து ஆரம்பிக்காவிட்டால் யாருக்கும் ஒன்றும் புரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டு என்று வந்துவிட்டால் எனக்கு வாய் ஓயாது என்று வீட்டில் சொல்வார்கள். அது உண்மைதான்.

அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவு என் பொறுப்பு. பத்தொன்பது வருடமாக. பொறுப்பு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாற்பத்திரண்டு அலமாரி, ஒவ்வொன்றிலும் இருபது இழுப்பறை, ஒவ்வொரு இழுப்பறையிலும் ஊசியில் குத்தி நிற்கும் வண்டுகள், மூலைக்கு ஒரு அந்துருண்டை. பூஞ்சை பிடிக்காமல், சின்னப் பூச்சி வந்து பெரிய பூச்சியைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். செத்துப்போனதுக்கெல்லாம் காவல் இருக்கிறாள் என்று என் தங்கை கிண்டல் செய்வாள்.

பார்வையாளர்கள் வந்தால் ஒரே ஒரு வித்தை காட்டுவேன். ஏழாவது அலமாரியின் மூன்றாவது இழுப்பறையை வெளியே எடுத்து அவர்கள் முகத்துக்கு நேராகப் பிடிப்பேன். பொன்வண்டுகள் பச்சைப்பசேலென்று மின்னும். மெதுவாகச் சாய்ப்பேன். பச்சை போய் நீலம் வரும். இன்னும் சாய்த்தால் கத்தரிப்பூ நிறம். பக்கத்து வரிசையில் செம்பு போலச் சிவந்த வகை ஒன்று உண்டு, அது சாய்க்கச் சாய்க்கப் பச்சையாகும். நன்றாகப் படித்தவர்கள்கூட வாயைப் பிளப்பார்கள். என்ன பெயின்ட் அடித்தீர்கள் என்று ஒருவர் என்னிடமே கேட்டிருக்கிறார்.

பெயின்ட்டும் இல்லை, சாயமும் இல்லை. அந்த இறக்கை ஓட்டை இடித்துத் தூளாக்கினால் பச்சைத் தூள் வராது, வெறும் பழுப்புத் தூள்தான் வரும். மெல்லிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போல ஓடு முழுக்க அடுக்குகள். வெளிச்சம் அவற்றில் பட்டுத் திரும்பும்போது அடுக்கின் கனத்துக்கு ஏற்ற நிறம் மட்டும் ஓங்கி நிற்கும். கனம் மாறினால் நிறம் மாறும். பார்க்கிற கோணம் மாறினாலும் நிறம் மாறும். சாயம் வெளுத்துவிடும், இது நூறு வருடம் ஆனாலும் வெளுக்காது. இந்தப் பாட்டைத் தினமும், சில நாள் நாலு தடவை, பாடிக்கொண்டிருந்தவள் நான். கோணம் மாறினால் நிறம் மாறும் என்று என் வாயால் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. இதை மறந்துவிடாதீர்கள்.

என் தங்கைக்கு வீட்டில் பம்பரம் என்று பெயர். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். கடைக்கு அனுப்பினால் மற்றவர்கள் செருப்பைத் தேடுவதற்குள் அவள் போய்விட்டுத் திரும்பியிருப்பாள். பள்ளிக்கூடத்தில் நூறு மீட்டர், இருநூறு மீட்டர் எல்லாவற்றிலும் அவள்தான் முதல். இன்னொன்றிலும் அவள்தான் முதல்: சாக்குச் சொல்வதில். கணக்குப் பரீட்சை என்றால் வயிற்றுவலி, பாத்திரம் தேய்க்கச் சொன்னால் தலைவலி. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தைத் தொட்டுக் காட்டுவாள். அவளைவிட நான் எட்டு வயது மூத்தவள். அம்மா போனபிறகு வளர்த்தவளும் நான்தான். அவள் வலியில் எது நிஜம், எது நடிப்பு என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு எண்ணம்.

காலணி செய்யும் பட்டறை ஒன்றில், பசை அறையில் அவளுக்கு வேலை கிடைத்தது. ரயில் பெட்டி போல நீண்டு ஒடுங்கிய அறை. அகலம் கொஞ்சம்தான், ஆனால் கூரை இரண்டு ஆள் உயரம். ஒரு சுவருக்கு முதுகைக் கொடுத்து ஐந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் நீள மேஜை. மேஜைக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற சந்து. எதிர்ச் சுவரில் கதவு. அவர்கள் முதுகுப் பக்கம் உயரத்தில் ஒரு ஜன்னலும் காற்றை வெளியே தள்ளும் ஃபேனும். டப்பாவிலிருந்து பிரஷ்ஷால் பசையைத் தொட்டு அடிப்பாகத்தில் தடவி, சற்றுக் காயவிட்டு, மேல்தோலோடு சேர்த்து அழுத்த வேண்டும். பசை காய்வது என்றால் அதைக் கரைத்து வைத்திருக்கும் திரவம் காற்றில் பறப்பது. பெட்ரோல் பங்க்கில் நிற்பது போல வாசம் அடிக்கும்.

முதல் வாரமே தலைவலி என்று வந்து நின்றாள். அந்தத் தடவை நான் அவளைத் திட்டவில்லை. நேரில் போய்ப் பார்த்தேன். இரண்டு நிமிடம் நின்றதில் எனக்கே கிறுகிறுத்தது.

அதற்குத் தோதாகத்தான் கண்ணாடிக்காரரின் அட்டை வந்து சேர்ந்தது. அவர் ஆராய்ச்சிக்கூடத்துக்காரர். மூக்குக் கண்ணாடி சோடா பாட்டிலின் அடிப்பாகம் மாதிரி இருக்கும், அதனால் நாங்கள் வைத்த பெயர். இரண்டு வருடமாக என்னிடம் வண்டு இரவல் வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடித்தது நகக்கண் அளவுள்ள ஒரு பச்சை வண்டு. அதன் முதுகில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டால் சிவந்துவிடும், காய்ந்ததும் பழையபடி பச்சையாகும். அடுக்குகளில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, ஸ்பிரிட் உள்ளே புகுந்தால் அடுக்கின் கனம் கூடின மாதிரி ஆகிவிடும் என்பார். அதைப் பார்த்து அவர் உள்ளங்கை அளவில் ஒரு அட்டை செய்தார். காற்றில் ஆவி இல்லையென்றால் பச்சை. அளவுக்கு மீறினால் சிவப்பு. மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், சுவரில் மாட்டினால் போதும்.

வண்டு என்னுடையது, தங்கையும் என்னுடையவள், அதனால் முதல் அட்டை அவள் அறைக்குத்தான் என்று அடம்பிடித்தேன். கண்ணாடிக்காரர் மறுக்கவில்லை. அட்டையோடு நாலு பக்கத் தாள் ஒன்றையும் நீட்டி, மாட்டுவதற்கு முன்னால் ஒருதடவை படித்துவிடச் சொன்னார். என் வண்டைப் பற்றி எனக்கே பாடமா? சரி சரி என்று வாங்கி மடித்து என் மேஜைக்குள் போட்டேன்.

பட்டறை முதலாளியம்மா கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஃபேனைப் போட்டால் தெருத் தூசியெல்லாம் உள்ளே இழுபட்டு ஈரப் பசையில் ஒட்டிக்கொள்கிறது, ஒட்டிய ஜோடி பிரிந்துவிடுகிறது என்பதுதான் அவர் கவலை. அட்டை வந்ததும் ஒரு விதி போட்டார். சிவந்தால் ஃபேனைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். பச்சையாக இருந்தால் ஃபேன் தேவையில்லை. எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

மேஜைக்கு எதிரே, உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வருகிற மாதிரி மாட்டினோம். அன்று பதினொரு மணிக்கே அட்டை சிவந்தது. ஃபேன் ஓடியது, ஐந்து பேரும் வெளியே வந்து நின்று சிரித்தார்கள், பத்து நிமிடத்தில் பச்சையானது. தினமும் இரண்டு தடவை இப்படி நடந்தது. தங்கைக்குத் தலைவலி போயே போய்விட்டது. பட்டறையில் எனக்கு வண்டு மேடம் என்று பெயர் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் என் வண்டு ஐந்து பேரைக் காப்பாற்றுகிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் போனேன். அட்டையைக் காணவில்லை. அது தொங்கின ஆணியில் யாரோ மேலங்கியை மாட்டியிருந்தார்கள். அதை விலக்கினால் அட்டையில் ஐந்து விரல் பசை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. உங்கள் உயிர் உங்களுக்கே வெல்லமாக இல்லையா என்று ஆரம்பித்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். முதலாளியம்மா, பக்கத்து அறை மெஷின்காரர், எல்லோரும் ஓடி வந்தார்கள். அட்டையை நானே துடைத்தேன். ஏணி கொண்டுவரச் சொல்லி, கதவுக்கு மேலே, கூரையை ஒட்டி, மெஷின்காரரை ஆணி அடிக்க வைத்தேன். இனி யார் கையும் எட்டாது, எந்தத் துணியும் மறைக்காது, ஐந்து பேரும் தலையை நிமிர்த்தினால் போதும். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் என்று தங்கை முணுமுணுத்தாள். காலில் சக்கரம் கட்டினவளுக்குக் கழுத்தில் என்ன வலி என்று அவள் வாயை அடைத்தேன்.

மெஷின்காரர் இறங்கியதும் நிமிர்ந்து பார்த்தேன். அட்டை நீலமாகத் தெரிந்தது. எதிரே ஜன்னலில் வானம் தெரிந்தது, அதன் நீலம்தான் இதில் விழுகிறது என்று தோன்றியது. தோன்றியதை அப்படியே வாய்விட்டும் சொன்னேன். நான் சொன்னால் அங்கே மறுபேச்சு கிடையாது. சாப்பாடு முடிந்து வேலை தொடங்கி அரை மணி நேரத்தில் நீலம் போய்ப் பச்சை வந்தது. பார்த்தீர்களா என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அதற்குப் பிறகு அட்டை சிவக்கவே இல்லை.

அந்த மாதம்தான் பசை வேறு கம்பெனிக்கு மாறியிருந்தது. புதுப் பசை நல்ல பசை போல என்று முதலாளியம்மா சந்தோஷப்பட்டார். ஃபேன் நின்றது. குளிர்காலம் வந்ததும் ஜன்னலைச் சாத்தி இடுக்குகளில் காகிதம் ஒட்டினார்கள். எனக்கு அங்கே போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அட்டை இருக்கும்போது நான் எதற்கு?

தலைவலி திரும்ப வந்தது. சாப்பாடு இறங்கவில்லை என்றாள். கால் விரலெல்லாம் மதமதவென்று இருப்பதாகச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் எங்களுக்குள் ஒரே பேச்சுதான்.

"அட்டை என்ன கலர்?"

"பச்சைதான்க்கா."

"அப்ப படம் காட்டாத."

அவள் சிரித்துவிடுவாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. எந்தக் காலத்து வயிற்றுவலியையோ மனதில் வைத்துக்கொண்டு நான் அவளை எடைபோட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்ன சொன்னாள் என்று இப்போது ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறது. அப்போது பாதியைக் காதில் வாங்கவில்லை.

பட்டறைப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நுழையும்போதே என் வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். இடது காலில் செருப்பு இருந்தது, வலது கால் வெறுங்கால். இன்னொன்று எங்கே என்று கேட்டேன். அவள் குனிந்து பார்த்தாள். அந்தக் கால் வேறு யாருடையதோ என்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள். ஊருக்கெல்லாம் செருப்பு ஒட்டுகிறவளுக்குத் தன் செருப்பைக் காலோடு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று நான் ஒரு போடு போட்டேன். என் வீட்டுக்காரர் தேடிப் போய் இரண்டு தெரு தள்ளி, திருப்பத்தில், நடு ரோட்டில் கிடந்ததை எடுத்து வந்தார். அவ்வளவு தூரம் வெறுங்காலில் நடந்திருக்கிறாள். உள்ளங்காலில் ஒரு கல் சில்லு பதிந்திருந்தது. அவள் காலை என் மடியில் வைத்து நகத்தால் நெம்பி எடுத்தேன். அவள் டீ குடித்துக்கொண்டு, தங்கும் அறையில் கூட இருக்கிறவளின் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை.

அதற்கப்புறம் படிக்கட்டில் இரண்டு தடவை விழுந்தாள். நடக்கும்போது பாதத்தைத் தூக்கித் தூக்கி, சேற்றில் நடப்பது போல வைத்தாள். சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தாள். பம்பரம் சுவரைப் பிடித்து நடப்பதைப் பார்த்தபோது முதல்முறையாக இது நடிப்பில்லை என்று பட்டது. மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் முட்டியில் தட்டிப் பார்த்தார், விரல்களைக் கிள்ளிப் பார்த்தார். என்ன வேலை என்று கேட்டார். காலணிப் பட்டறை என்றாள். பசை, கரைப்பான், அந்த மாதிரி ஏதாவது மூச்சில் போகிறதா என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் நான் பதில் சொல்லிவிட்டேன்.

"அதெல்லாம் அங்க பிரச்சனையே இல்ல டாக்டர். காத்தைப் பாக்க ஒரு அட்டை வெச்சிருக்கோம். ஆறு மாசமா பச்சைதான்."

அவள் என்னைப் பார்த்தாள். டாக்டர் அப்படியானால் சத்துக் குறைவாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதினார். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக என் நாக்கை அறுத்துப் போட்டாலும் தகும் என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் அவளை உட்கார வைத்தேன். வழியில் தானாகவே பேச ஆரம்பித்தாள்.

"அக்கா, ஒன்னு தெரியுமா? திங்கக்கெழம காலையில போறப்ப அட்டை நீலமா இருக்கு. ஞாயித்துக்கெழம லீவுல அதுவும் நல்லாத் தூங்கி எழுந்திருக்கும் போல. நாங்க டப்பாவத் தொறந்ததும் பச்சையாயிடுது."

ஜன்னலில் வானம் தெரிகிறதல்லவா, அந்த நீலம் என்றேன்.

"ஜன்னலத்தான் அடைச்சாச்சேக்கா."

பதில் வராவிட்டால் நான் செய்வதைச் செய்தேன்: சும்மா வா, தலையை வலிக்கவைக்காதே என்றேன். ஆனாலும் அது செருப்புக்குள் மணல் மாதிரி நெருடிக்கொண்டே இருந்தது. மாத்திரை சாப்பிடட்டும், பார்க்கலாம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அவள் வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து, மத்தியானம் இரண்டு மணி இருக்கும். ஒரு தம்பதி வண்டு பார்க்க வந்தார்கள். ஏழாவது அலமாரி, மூன்றாவது இழுப்பறை. முகத்துக்கு நேராகப் பிடித்தேன், சாய்த்தேன், கணவர் வாயைப் பிளந்தார். அந்த அம்மாள் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, அப்படியென்றால் இதன் நிஜமான நிறம் எது, எதை நம்புவது என்று கேட்டார். இதை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நேருக்கு நேர் பார்த்தால் தெரிகிறதே, அதுதான் கணக்கு, சாய்த்துப் பார்த்தால் தெரிவதை நம்பக்கூடாது என்று வழக்கமான பதிலைச் சொன்னேன்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே இழுப்பறை என் கையில் சாய்ந்தபடி இருந்தது. பச்சை வரிசை நீலமாகியிருந்தது. செம்பு வரிசை பச்சையாகியிருந்தது.

திங்கட்கிழமை காலையில் நீலம். டப்பாவைத் திறந்ததும் பச்சை.

இழுப்பறையைச் சட்டென்று நிமிர்த்தியதில் ஊசிகள் ஒன்றோடொன்று உரசின. ஒரு பொன்வண்டின் கால் ஒடிந்து விழுந்தது. பத்தொன்பது வருடத்தில் என் கையால் ஒடிந்த முதல் கால் அது. இழுப்பறையை அந்த அம்மாளின் கையிலேயே கொடுத்துவிட்டு என் மேஜைக்கு ஓடினேன். மடித்த தாள் அப்படியே அடியில் கிடந்தது. முதல் பக்கம், முதல் வரி, தடித்த எழுத்தில்: கண் உயரத்தில், நேருக்கு நேர் பார்க்கும் இடத்தில் மட்டும் மாட்டவும். உயரத்திலோ பக்கவாட்டிலோ மாட்டினால் சிவப்பு பச்சையாகத் தெரியக்கூடும்.

நீலம்தான் நல்ல காற்று. பச்சை என்பது சிவப்பு. ஆறு மாதமும் பச்சை.

தங்கைக்கு போன் செய்தேன், வேலை நேரத்தில் அவர்கள் போனை எடுப்பதில்லை. முதலாளியம்மாவின் போன் அணைந்திருந்தது. கிடைத்த வண்டியைப் பிடித்துப் போனேன். வழியெல்லாம் இருக்காது, இருக்காது என்று சொல்லிக்கொண்டே போனேன். எப்படி இருக்காமல் போகும் என்று எனக்குத் தெரியாதா என்ன.

பசை அறைக் கதவைத் தள்ளியதுமே அந்த நெடி முகத்தில் அறைந்தது. கண் எரிந்தது. ஐந்து பேரும் எதுவுமே இல்லாதது போல உட்கார்ந்து தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மூக்குக்கு அது எப்போதோ பழகிவிட்டது. ஒருத்தி பிரஷ்ஷை விரல்களுக்கு நடுவில் பிடிக்க முடியாமல் உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். தங்கை மேஜையைப் பிடித்து எழுந்து, என்னக்கா இந்த நேரத்தில் என்றாள். நான் திரும்பி நிமிர்ந்து பார்த்தேன். கதவுக்கு மேலே அட்டை பச்சையாக, அழகாக, என் வண்டு மாதிரியே மின்னிக்கொண்டிருந்தது.

எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். அவர்கள் அட்டையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். சத்தம் கேட்டு மெஷின்காரரோடு வந்த முதலாளியம்மா, பச்சை என்றால் பயமில்லை என்று நீங்கள்தானே மேடம் சொன்னீர்கள் என்று தன்மையாகத்தான் கேட்டார். அவரோடு வாதம் செய்ய எனக்கு நேரமில்லை. வெளியே சாத்தியிருந்த ஏணியை நானே இழுத்து வந்து போட்டேன். தங்கை வந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் படி, இரண்டாவது படி. பச்சைதான். மூன்றாவதில் பச்சை கொஞ்சம் மஞ்சளடித்தது. நான் அப்படியே நின்றேன். கீழே இறங்கிவிட்டால் பச்சையாகவே இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. அவ்வளவு பயம் எனக்கு. ஐந்தாவது படியில் அது பழுத்த ஆரஞ்சு. ஏழாவது படியில் என் முகமும் அட்டையும் நேருக்கு நேர் வந்தன. சிவப்பு. முதல் மாதத்தில் பதினொரு மணிக்கு வரும் சிவப்புகூட இவ்வளவு அடர்த்தியாக இருந்ததில்லை.

"பச்சைதானேக்கா?" என்று கீழேயிருந்து தங்கை கேட்டாள்.

சிவப்பு என்றேன். அவர்கள் யாரும் நகரவில்லை. ஏழு பேர் அண்ணாந்து ஒரு பச்சை அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி சிரித்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கண்ணால் பார்ப்பதைவிட அட்டையை நம்பு, உடம்பு சொல்வதைவிட அட்டையை நம்பு என்று அவர்களைப் பழக்கியவள் நான்தான். ஃபேனைப் போடுங்கள் என்று கத்தினேன். மெஷின்காரர் ஓடிப்போய் சுவிட்சைத் தட்டினார். ஆறு மாதத் தூசியில் இறுகிப்போயிருந்த ஃபேன் ஒருமுறை முனகிவிட்டு நின்றது.

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. தங்கையின் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். அவள் வரவில்லை.

"இரு, நானே பாக்குறேன்," என்றாள். "இத்தன நாள் நீ பாத்து நீ சொன்னத நான் கேட்டேன். ஒருவாட்டி நான் பாக்குறேன்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை நிறுத்தியது. என் கையை விலக்கிவிட்டு ஏணியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டாள். கையில் அப்போதும் பலம் இருந்தது, கையாலேயே உடம்பை மேலே இழுத்தாள். முதல் படியிலேயே வலது காலிலிருந்து செருப்பு கழன்று தரையில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்களை அட்டையை விட்டு எடுக்கவில்லை. நான்காவது படியில் அவள் முகம் மாறியது. எந்த நிறத்தைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஐந்தாவது படிக்கு வலது காலைத் தூக்கினாள். வெறும் பாதம் படியைத் தேடி, இடித்து, மேலே ஏறிப் பதிந்தது. பிறகு அவள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அட்டையைப் பார்த்தபடியே நின்றாள்.

"அக்கா," என்றாள் மெதுவாக, "நான் கால வெச்சுட்டேனா?"

நான் அந்தப் பாதத்தை இரண்டு கைகளாலும் சேர்த்து, நகம் பதியும் அளவுக்கு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லுக்கா," என்றாள். "வெச்சுட்டேனா?"